நல்லாருக்கு என்று சொல்லக்கூடாது

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு இரண்டு விஷயங்களை முதல் வாரமே சொல்லிவிடுவோம். குப்பை லோரி செவ்வாயும் வெள்ளியும் வரும். வேன் அக்கா வரைந்த படத்தைப் பார்த்து ‘நல்லாருக்கு’ என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது.

குப்பை லோரி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாவதை மறந்துபோய் மாட்டிக்கொள்வார்கள். அக்கா சத்தம் போடமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை கேட்பார்.

“எது?”

அதற்குப் பதில் தெரியாமல் ஒரு தலைமையாசிரியர் அவசரத்தில் வேறொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இது கோலாலம்பூருக்கு வடமேற்கே, பெஸ்தாரி ஜெயாவில். வயதானவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை உடைத்தபோது வெளியே வந்தவர்கள்தான் எங்கள் தாமானில் பாதிப்பேர். அக்காவும் அப்படி வந்தவர்தான். புருஷன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிவிட்டு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளுக்கு வடக்கே கூலிம் ஊரில் வேலை. அக்கா பள்ளி வேன் ஓட்டினார்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் ஏற்றும்வரை ஐந்து மணி நேரம் கையில் இருக்கும். மற்ற வேன்காரர்கள் அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அக்கா வேனைக் கொண்டுபோய்ச் செம்பனைத் தோட்ட ஓரம் நிழலில் நிறுத்துவார். கடைசி வரிசை இருக்கையைக் கழற்றிப் போட்டிருந்தார். அந்த இடத்தில் பலகையைச் சாய்த்துவைத்து, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வரைவார். பலகை, அலமாரி செய்கிறவன் தூக்கிப் போட்டது. சாயம், வீட்டுக்கு அடித்து மிஞ்சியதென்று நாங்கள் அவர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் டின்கள். அதனால் அவர் வரைந்த வானம் எங்கள் எதிர்வீட்டுச் சுவர் நிறத்தில் இருக்கும், மாடு கோயில் கேட் நிறத்தில் இருக்கும். பிற்காலத்தில்தான் புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாங்கும் கடைக்குப் போய் நல்ல சாயம் வாங்கினார்.

நான் தாமான் சங்கத்து மகளிர் பிரிவுச் செயலாளர். பதினோரு வருஷமாக. எங்கள் வட்டாரத்தில் என்ன நிகழ்ச்சி நடந்தாலும் மைக் என் கையில்தான். ‘அற்புதம்’, ‘அருமை’, ‘பொன்னான தருணம்’ எல்லாம் எனக்குத் தும்மல் மாதிரி, தானாக வரும். காதுகுத்து விழாவில் அழும் குழந்தையைப் பார்த்து ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று அறிவித்தவள் நான். அப்படிப்பட்டவள் ஒருநாள் வேன் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், “நல்லாருக்குகா” என்றேன்.

“எது?”

“எல்லாமேதான்கா.”

“எல்லாமேன்னா? வானமுமா?”

“ஆமாகா. வானம் ரொம்ப நல்லாருக்கு.”

“வானம் இன்னும் வரையவே இல்ல லா. அது பலகை.”

பார்த்தேன். பலகைதான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அக்காவே கேட்டில் நின்று, “செயலாளரம்மா, கோவமா? வா, வானம் வரைஞ்சாச்சு,” என்று கூப்பிட்டார். போனேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அக்கா சிரித்தார். “பரவால்ல. வாய மூடிக்கிட்டுப் பாக்கறது ஒரு ஆரம்பந்தான்.”

இப்படித்தான் சிநேகமானோம். அவரைப் பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் நிம்மதியாக இருக்குமா என்று கேட்டால், இருக்காது. பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தது மாதிரி இருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கருமாதிக்கு மாட்ட ஒரு படம் வேண்டுமென்று பிள்ளைகள் அக்காவிடம் வந்தார்கள். அக்கா வரைந்து கொடுத்தார். அதைப் பிரித்துப் பார்த்த மூத்த மகன் முகம் வெளிறிப்போனது. பெரியவர் அதில் கண்ணை ஓரமாக ஒதுக்கி, வாயை லேசாகக் கோணி, எங்கேயோ நழுவப் போகிறவர் மாதிரி நின்றார்.

“அக்கா, அப்பா சிரிக்கிற மாதிரி கொஞ்சம் மாத்திக் குடுங்க.”

“ஒங்கப்பா கடைசியா எப்பப்பா சிரிச்சாரு?”

மகன் யோசித்தான். தம்பியைப் பார்த்தான். தம்பியும் யோசித்தான். அந்த நேரம் உள்ளேயிருந்து வந்த அவர்களுடைய அம்மா படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, புருஷனைப் பறிகொடுத்துப் பதினைந்து நாள்கூட ஆகாத அந்த மனுஷி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பாவி மனுஷன்! பொய் சொல்றதுக்கு முந்தி வாயி இப்படித்தான் போவும்!”

பிள்ளைகள் கோட்டு சூட்டு போட்ட ஒரு படத்தை ஸ்டூடியோவில் செய்துவாங்கிக் கூடத்தில் மாட்டினார்கள். பெரியவர் வாழ்நாளில் கோட்டு போட்டதே இல்லை. அக்கா வரைந்தது அடுப்படிக்குப் போய்விட்டது. அந்தம்மா வெங்காயம் நறுக்கும்போது அதைப் பார்த்துத் திட்டிக்கொண்டே நறுக்குவார் என்று கேள்வி. அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். யார் வந்தாலும், “அந்தம்மா என்ன சொல்லிச்சி தெரியுமா?” என்று அந்த ஒரு வரியை அப்படியே, அதே குரலில் சொல்லிக்காட்டுவார். எனக்குத் தெரிந்து அக்கா ஏற்றுக்கொண்ட ஒரே பாராட்டு அதுதான்.

ஒரு தடவை மகளிர் பிரிவிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ் எடுத்துப் போனோம். பெண் ஓவியர்களின் கண்காட்சி. நாற்பது பேர். பதினைந்து நிமிஷத்தில் நாற்பது பேரும் எல்லாப் படத்துக்கும் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்து முடித்துவிட்டோம். அடுத்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை வாங்க வேண்டியிருந்தது, அவசரம். பஸ்ஸில் ஏறித் தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது.

திரும்பி ஓடினேன். அக்கா ஒரு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற ஒரு பெண்ணின் படம். பக்கத்தில் காவலாளி, “ரொம்பக் கிட்டப் போகாதீங்க,” என்று மலாயில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“அக்கா, வாங்கக்கா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“இரு. இந்தம்மாகூட எனக்கு ஒரு சண்ட இருக்கு.”

“எந்தம்மாகூட?”

“வரைஞ்சவங்ககூட. கையப் பாரு. தண்ணிக்குள்ள, நுரைக்கு அடியில. ஏன்? கை வரைய வரல. ஒளிச்சி வச்சிட்டாங்க. நானும் இப்படி எத்தினி தடவ சேலைக்குள்ள ஒளிச்சிருக்கேன்! எங்கிட்டயேவா?” என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “ஆனா கழுத்து பாத்தியா? இந்த எடம். யாரோ பின்னாலேர்ந்து கூப்புடறாங்க, இவ கேக்காத மாதிரி இருக்கா. கழுத்துக்கு மட்டும் கேட்டுடிச்சி. இத வரைய இந்தம்மாவுக்கு ஒரு மாசம் ஆயிருக்கும்.”

நான் பார்த்தேன். எனக்குப் பாத்திரம் தெரிந்தது, குழாய் தெரிந்தது. கழுத்து கழுத்தாகத்தான் தெரிந்தது. “ஆமாகா” என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் எல்லாரும் அக்காவைத் திட்டினார்கள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. திரும்பும் வழியில் ரவாங் தாண்டும்வரை தன் கழுத்தைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பயணத்தின் விளைவாக எங்களுக்கு ஒரு ஞானம் பிறந்தது. நாமும் ஒரு மகளிர் ஓவியக் கண்காட்சி நடத்தினால் என்ன? ஊர் டேவானை, பொது மண்டபத்தைப் பிடித்தோம். மூன்று நாள். ஆறு ஓவியர்கள். இரண்டு பேர் மயில். ஒருவர் நாள்காட்டியில் இருந்த லட்சுமியைப் பார்த்து வரைந்திருந்தார், கீழே அச்சகத்தின் தொலைபேசி எண்ணைக்கூட விடாமல். ஒருவர் கண்ணாடியில் ரோஜா. எங்கள் பிரிவுத் தலைவி பெயரில் ஒன்று, அதைத் தலைவியின் மகள் வரைந்ததென்று எல்லாருக்கும் தெரியும். மனஸ்தாபம் வரக்கூடாதென்று ஆறு பேருக்கும் முதல் பரிசு என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம்.

ஆறாவது அக்கா. ஒரே ஒரு படம், பெரியது, கதவு அகலம் இருக்கும். காலியான ஒரு மண்டபம். சுவரோரம் அடுக்கி அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் அடுக்காத ஒற்றை நாற்காலியில் ஒரு பெண், லேசாக ஒருபக்கம் திரும்பி, நமக்கு முதுகு காட்டி. பட்டுச்சேலை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றியிருக்கிறாள். மடியில் ஒரு பொட்டலம் மீகூன், அரிசி நூடுல்ஸ். சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் படம்.

கடைசி நாள் பரிசு கொடுக்க எங்கள் டத்தோ வந்தார். சுல்தானிடம் அந்தப் பட்டம் வாங்கியவர், டைல்ஸ் வியாபாரத்தில் பெரிய ஆள், நன்கொடை கொடுக்கிறவர், படம் எடுக்க ஆளைக் கையோடு கூட்டி வருகிறவர். மயிலைப் பார்த்து ‘பிரமாதம்’ என்றார். அடுத்த மயிலையும் பார்த்து ‘பிரமாதம்’ என்றார். அக்காவின் படத்துக்கு வந்தார்.

“ஆஹா, பிரமாதம்!”

“எது டத்தோ?” என்றார் அக்கா.

டத்தோவை அதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் வியாபாரி அல்லவா, சமாளித்தார். “இதுல ஒரு ஆழமான கருத்து இருக்கு. தாய்மை! ஒரு தாயோட தியாகத்த அப்படியே கொண்டாந்துட்டீங்க.”

“பிள்ளயே காணோமே டத்தோ?”

“அதாம்மா தியாகம்!”

கைத்தட்டல் டேவானைப் பிளந்தது. முதலில் தட்டியது யார் என்று கேட்காதீர்கள். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டியது நான்தான். தட்டிவிட்டு, “தாய்மையின் தத்துவத்தைத் தரணிக்கு உணர்த்திய டத்தோ அவர்களுக்கு” என்று ஏதோ சொன்னேன். மீதி எனக்கே நினைவில்லை.

டத்தோ அந்தப் படத்தைத் தன் கடைக்கு வாங்கிக்கொள்வதாக அங்கேயே அறிவித்தார். அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“குடுத்துடட்டுமா?”

“என்னக்கா கேள்வி இது? டத்தோவே கேக்கறாரு. குடுத்துடுங்க லா.”

“நீ நல்லாப் பாத்துட்டுச் சொல்லு.”

“பாத்தேன்கா, மூணு நாளா பக்கத்துலதான நிக்கறேன். நல்லாருக்கு.”

வாயிலிருந்து வந்துவிட்டது. ‘எது’ என்று கேட்கப் போகிறார் என்று, “சேலைக் கலரு” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அக்கா கேட்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்ப் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். என் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பெயர்ந்துவிட்டது. டத்தோ கடைக்குப் போனேன். கேட்ட டைல்ஸ் கிடங்கில் இருக்கிறது, எடுத்துவர அரைமணி ஆகும் என்று ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். கைத்தொலைபேசியில் பேட்டரி செத்துக் கிடந்தது. எதிரே, வரிசையாக வைத்த கழிப்பறைப் பீங்கான்களுக்கு மேலே, அக்காவின் படம். கீழே பித்தளைத் தகட்டில் ‘தாய்மை’. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு படத்தை அரைமணி நேரம் நான் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண்ணின் கை வளையலில் ஐந்து ஊக்குகள் தொங்கின. மேடை ஏறுகிறவர்களுக்குச் சேலை நழுவினால் குத்திவிட நான் எப்போதும் வளையலில் ஐந்து ஊக்கு மாட்டியிருப்பேன். சரி, எத்தனையோ பேர் மாட்டுகிறார்கள் என்று நினைத்தேன். காலைப் பார்த்தேன். இடது சுண்டுவிரலில் பிளாஸ்திரி. புதுச் செருப்பு கடித்த ஒரு மகளிர் தினம் நினைவுக்கு வந்தது. ‘பெண்ணே, நீ தனியாக இல்லை’ என்பது அன்றைய தலைப்பு. நாற்பது நிமிஷம் முழங்கினேன். முடிந்ததும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இருநூறு நாற்காலியையும் நானே அடுக்கினேன். வீட்டுக்காரர் காடியை ஓட்டிக்கொண்டுவர நேரமாகும் என்றார். மிஞ்சின மீகூனைச் சாப்பிட்டேன். யாரும் இல்லையென்று நினைத்திருந்தேன். அன்று மேடையில் ஆடின பிள்ளைகளை வேனில் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு, எடுக்க மறந்த சலங்கைக்காக அக்கா பின்வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. படத்துப் பெண்ணின் காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு நரை, தலைச்சாயம் எட்டாத இடம். எனக்கு அங்கே நரை கிடையாது என்று நான் சத்தியமே செய்திருப்பேன். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே போய் நின்று, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரப் பெண் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இருந்தது. இரண்டு விரல் அகலம்.

டைல்ஸை வாங்காமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

“என்னய எதுக்குக்கா வரைஞ்சீங்க?”

“ஓ, பாத்துட்டியா?” என்று கேட்டபடி அக்கா வேன் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். “அன்னிக்கி ஒரு நாள்தான் நீ பேசாம இருந்த.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்றதா? மூணு நாளு ஒன் மூஞ்சிக்கு நேரா மாட்டி வச்சிருந்தேன். எல்லாரும் படத்தப் பாத்தாங்க. நான் ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன், இப்பத் தெரியும், இப்பத் தெரியும்னு. குடுத்துடட்டுமான்னுகூடக் கேட்டேன்.”

“இன்னொரு தடவ வரைங்கக்கா. இந்தத் தடவ முன்னாலேர்ந்து,” என்றேன். மூன்று நாள் வேனில் போய் உட்கார்ந்தேன், பவுடர் போட்டுக்கொண்டு. மூன்றாம் நாள் அக்கா பலகையைத் திருப்பி வைத்துவிட்டார். “வராது லா. நீ இன்னும் மேடையிலயே இருக்க.”

அடுத்த வருஷம் வேன் பரிசோதனையில் தேறவில்லை. அக்கா அதை விற்றுவிட்டு, சாய டின்களை எங்கள் வாசல்களில் திருப்பி வைத்துவிட்டு, மகளோடு இருக்கக் கூலிமுக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு அந்தப் படம் வேண்டுமென்று தோன்றியது. டத்தோவிடம் போய்க் கேட்டேன். “அது தாய்மையாச்சே! கடைக்கு ராசியான படமாச்சே!” என்று இழுத்தார். அவருடைய மணிவிழா வரப்போகிறது, நான் மைக் பிடித்தால் யோசிக்கலாம் என்றார். பிடித்தேன். ஒரு பகல் முழுக்க. டத்தோவை வள்ளல் என்றேன், கலைஞர்களைக் கண்டெடுக்கும் கண் படைத்தவர் என்றேன். அவர் குளியலறை டைல்ஸில் தமிழர் பண்பாடு பளபளக்கிறது என்றும் சொன்னேன். கூசவில்லை. சாயங்காலம் படம் என் காடிப் பின்சீட்டில் இருந்தது. தகட்டைத் திருகாணியோடு கழற்றிக் குப்பையில் போட்டேன்.

சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினேன். வீட்டுக்காரர் பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணி. அதிகம் பேசாதவர். முதல் நாள் பார்த்துவிட்டு, “இவ்ளோ பெரிய ஆணியா? செவுரு விட்டுடும்,” என்றார். அவ்வளவுதான். அதன்பின் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், எப்போது கண்டுபிடிக்கிறார் பார்ப்போம் என்று காத்திருந்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாதிச் சோற்றில் கையை வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தார்.

“யாருன்னு தெரியல இந்தம்மா,” என்றார். “நாக்காலியெல்லாம் இதுதான் அடுக்கியிருக்கும்போல. எல்லாரும் போனப்பறம் ஆறிப்போனதத் திங்குது. யாராச்சும் ஒரு ஆளு கூட ஒக்காந்திருக்கலாம்.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“ரசம் இருக்கா?” என்றார்.

ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போனதும், பின்கட்டுக்குப் போய்க் கூலிமுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தார். வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“அக்கா?”

“இருக்கேன். இன்னொரு தடவ சொல்லு. அவரு சொன்ன மாதிரியே சொல்லு, ஒன் மேடைப் பேச்சு வேணாம்.”

சொன்னேன்.

“இன்னொரு தடவ.”

மூன்றாவது தடவை சொல்லும்போது, ‘யாராச்சும் ஒரு ஆளு’ என்ற இடத்துக்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை. அக்கா அந்தப் பக்கம் அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார்.